லட்டு அத்தையின் சனிக்கிழமை ஊசி

ஜனவரி 10, சனி

இன்று முதல் ஊசி. தொப்புளுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பேனா மாதிரி இருக்கிறது, அழுத்தினால் டிக் என்கிறது, அவ்வளவுதான். இதற்கா மூன்று நாள் பயந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

"என்ன சாப்பிட்டீங்க, உடம்பு எப்படி இருந்துச்சுன்னு தினம் ரெண்டு வரி எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர் இளவேனில். இரண்டு வரியோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. எழுதச் சொன்னவர் படித்து அனுபவிக்கட்டும்.

பெயர் எமல்டா. ஊர் தூத்துக்குடி, இருப்பது வளசரவாக்கம். வயது நாற்பத்தாறு. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. தொழில் சீரியல் நடிப்பு. சாயங்காலம் ஏழரை மணித் தொடரில் வருகிற லட்டு அத்தை நான்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும் சொத்துக்கு அடித்துக்கொள்ளும்போது மூலையில் உட்கார்ந்து ஏதாவது தின்றுகொண்டிருப்பேன். அதற்கு ஊரே சிரிக்கும். ஆறு வருஷமாகச் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

ஊசி அழகுக்காக இல்லை. தூங்கும்போது என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். சோதனை செய்த ஆஸ்பத்திரியில் கோடு கோடாகக் காட்டினார்கள். கோடு படுத்துவிட்ட இடமெல்லாம் மூச்சே இல்லாத இடமாம். முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மெஷின் தந்திருக்கிறார்கள். பாதித் தூக்கத்தில் பிடுங்கி எறிந்துவிடுகிறேன். எடை குறைந்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்குத்தான் பசியைக் குறைக்கும் இந்த ஊசி, வாரத்துக்கு ஒன்று.

யூனிட்டில் ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை. இளைத்த லட்டு அத்தையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஜனவரி 12, திங்கள்

குமட்டல். காலையில் பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்த வாசத்துக்கே வயிறு புரண்டது. இரண்டு இட்லி எடுத்து வைத்தேன், ஒன்றரைதான் இறங்கியது. இதை ஒரு வரலாற்றுச் சம்பவமாகப் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் ஸ்பெஷல் எபிசோடு. நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை நான் பானையோடு தூக்கி வைத்துச் சாப்பிடும் சீன்.

சாப்பாட்டு சீனில் எல்லோரும் 'கட்' சொன்னதும் துப்பிவிடுவார்கள். அதற்கென்று ஒரு பக்கெட் உண்டு. டேக்குக்கு டேக் விழுங்கினால் யாருக்கும் தாங்காது. நான் மட்டும் துப்பியதே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு வாய்கூட இல்லை. "எமல்டாம்மா நடிக்கிறதில்ல, நெஜமாவே சாப்பிடுறாங்க" என்று எங்கள் டைரக்டர் குணசீலன் புதிதாக வருகிற ஆர்ட்டிஸ்டுகளிடம் சொல்லுவார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்றும் விழுங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாம் வெளியே போயிற்று. ஆனால் செட்டில் துப்பவில்லை. அது வேறு, இது வேறு.

ஜனவரி 24, சனி

மூன்றாவது ஊசி. சனிக்கிழமை போட்டுக்கொண்டால் முதல் நாள் தொந்தரவு ஞாயிறு விடுமுறையோடு கழிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்ததில்லை, நானே கண்டுபிடித்தது. டாக்டர் சொன்னது: கொஞ்சமாகச் சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு, எண்ணெயை விடு, தண்ணீர் நிறையக் குடி. முதல் மூன்றும் செய்கிறேன். தண்ணீர் நிறையக் குடித்தால் ஷாட் நடுவில் பாத்ரூம் போக வேண்டும். பட்டுப் புடவையில் அது லேசான காரியம் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மலச்சிக்கல். மேலும் விவரம் தேவையென்றால் டாக்டர் நேரில் கேட்கலாம்.

பிப்ரவரி 7, சனி

அளவைக் கூட்டினார்கள். எடை நூற்றுப் பதினான்கு.

என் தங்கை பிலோமி தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

"ஏக்கா, அந்த ஊசியப் போட்டா முடியெல்லாம் கொட்டுமாமே. எதிர்த்த வீட்டு டீச்சர் சொல்லுதா."

"கொட்டட்டும். விக்கு வச்சுக்கிடுதேன்."

"நடந்து கொறைக்கலாம்லா? வாயக் கெட்டிக்கிட்டு நாலு நாளு நடந்தா தன்னால கொறையும்."

"ஏட்டி, முட்டி ரெண்டும் கழண்டு கெடக்கு. நீ வந்து எனக்காக நடக்கியா?"

பிறகு, "செலஸ்டியக்காவுக்கும் சேத்து நீ நல்லா இருக்கணும்க்கா" என்றாள். குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக ஷூட்டிங் போனேன். மத்தியானம் சாப்பாடு போடுகிற தாமோதரன் அண்ணன் மீன் குழம்போடு வந்து நின்றார். என் தட்டில் மட்டும் எப்போதும் இரண்டு துண்டு கூடுதலாக வைப்பார். வாசம் மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

நெற்றியில் சாம்பல் இருந்தது. வாயில் பதில் வந்தது. "தவக்காலம் ஆரம்பிச்சிருச்சுண்ணே. ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி விரதம்."

அண்ணன் மீன் குழம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, தெரியாம கொண்டாந்துட்டேன்" என்றார். செட்டே மரியாதையாக ஒதுங்கியது. ஈஸ்டர் வரை இனி ஒருவரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க மாட்டார்கள். ஆண்டவர் பெயரில் பொய் சொன்னது தப்புதான். ஆனால் நான் சாப்பிடாமல் இருப்பது உண்மை, தவக்காலம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

தாமோதரன் அண்ணன் விரதக்காரிக்கென்று தனியாகச் சமைத்திருக்கிறார். பருப்பு, பொரியல், அவியல், அப்பளம், பால் பாயசம். "விரதம் இருக்கிறவங்க தெம்பா இருக்கணும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார். அவர் எழுந்து போனதும் பாயசத்தைச் செடிக்கு ஊற்றினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஏப்பம். அழுகிய முட்டை வாடை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

இன்று மருமகளாக நடிக்கிற பெண் என் தோளில் சாய்ந்து அழும் சீன். க்ளோசப். அவள் கிளிசரின் போடாமலேயே கண்ணீர் விட்டாள். குணசீலன் சார் "சூப்பர்மா, நேச்சுரலா இருந்துச்சு" என்று கைதட்டினார். நான் ஒன்றும் தெரியாதவளாக ஃபேனுக்கு நேரே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 7, சனி

மறுபடி அளவு கூடியது. எடை நூற்றுப் பத்து. இந்த வாரம் மெஷின் மாட்டிக்கொண்டு விடியும் வரை தூங்கினேன். காலையில் தலை கனக்கவில்லை. தலை கனக்காத காலை எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

கல்யாணப் பந்தி சீன். தவக்காலம் எனக்குத்தான், லட்டு அத்தைக்குக் கிடையாது. இலையில் ஜாங்கிரி அடுக்கியிருந்தார்கள். காலையில் வாங்கியது, பளபளப்புக்கு மேலே எண்ணெய் தடவியது. முதல் டேக்கில் விழுங்கினேன். இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவது டேக்கில் கட் சொன்னதும் கையை நீட்டினேன்.

"பக்கெட்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அசிஸ்டென்ட் பையன் தண்ணீர் கொண்டுவந்தான். நானே எழுந்து போய் பக்கெட்டை இழுத்துத் துப்பினேன். யாரோ செத்துப்போனதுபோல் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊரில் எல்லோரும் துப்புகிறார்கள், நான் ஒரு தடவை துப்பினால் என்ன குடி முழுகிப் போகிறது? வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த டேக்குக்கு உட்கார்ந்தேன்.

மார்ச் 16, திங்கள்

காஸ்ட்யூமர் ஹசீனா பிளவுஸ் கொக்கியை மாட்டிவிட்டு, துணியைப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். கை நிறையத் துணி வந்தது. கதவைச் சாத்தினாள்.

"ஆறு வருஷமா உன்னை அளந்தவ நான். விரதத்துல இவ்ளோ குறையாது. என்னன்னு சொல்லு எமல்டா."

சொன்னேன். மூச்சைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. தலையணை ஒன்றைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, இடுப்புக்கும் வயிற்றுக்கும் ஒரு பட்டை தைத்தாள். கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பழைய லட்டு அத்தை நின்றாள்.

"குறைக்கறதுக்கு ஊசி, ஏத்தறதுக்குப் பஞ்சா? உனக்குப் பைத்தியம்டி" என்றாள் ஹசீனா. இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். எனக்கு எங்கே அழுகை வந்துவிடுமோ என்று இருந்தது. வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வெயில். பஞ்சு. இரண்டையும் சேர்த்து எழுதினாலே வியர்க்கிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம், பாத்ரூம் போனால் பட்டையைக் கழற்ற வேண்டும். அதனால் குடிப்பதில்லை. சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

சமாளிக்கவில்லை.

கோயில் வாசலில் தேர் இழுக்கும் சீன். வெட்டவெளி. இரண்டாவது ரிகர்சலில் தரை மேலே வந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் டிரிப்ஸ். நர்ஸ் என் இடுப்பிலிருந்து பஞ்சை உருவிக்கொண்டிருந்தாள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கட்டிலைச் சுற்றி குணசீலன் சார், மேனேஜர், தாமோதரன் அண்ணன். அண்ணனின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டர் இளவேனில் சாயங்காலம் வந்து, அவர்கள் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். "உடம்புல தண்ணியே இல்ல. வாந்தி, வெயில், அது மேல இந்தக் கவசம் வேற. தண்ணி குடிங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஊசி மேல தப்பில்லம்மா, உங்க பஞ்சு மேலதான் தப்பு" என்றார். இதையும் எழுதிவிட்டேன், டாக்டர். சந்தோஷமா?

மார்ச் 28, சனி

ஊசி போடவில்லை. மறந்துவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

செட்டில் எனக்கு ராஜ மரியாதை. குணசீலன் சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எமல்டாம்மா, நான் மனசுல வச்சுக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க ஒடம்புதான் உங்க கேரக்டர். இந்தக் கல்யாண டிராக் முடியற வரைக்கும் அந்த ஊசிய நிறுத்திடுங்க. பழையபடி ஆயிடுவீங்க. ஆறு வருஷமா ஓடுற வேலை, கெடுத்துக்காதீங்க."

தலையாட்டினேன். மத்தியானம் பசித்தது. எத்தனையோ வாரம் கழித்து நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். வேலை போகாது. வீட்டு லோன், பிலோமி பெண்ணின் படிப்பு, எல்லாம் ஓடும். மெஷினை இன்று மாட்டவில்லை. மூக்கை அழுத்துகிறது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை முடிந்து வெளியே வந்தேன். ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "லட்டு அத்தைதானே? இளைச்சுப் போயிட்டீங்க. நல்லா சாப்பிடுங்கம்மா. உங்களப் பாத்தாதான் எங்க வீட்ல சிரிப்பே" என்றார். சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆத்திரமாக இருக்கிறது. எழுதியே தீர வேண்டும்.

எங்கள் பெரியக்கா செலஸ்டி என்னைவிடப் பருமன். ஊரில் எல்லோருக்கும் அவளைப் பார்த்தால் சிரிப்பு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் விடும் குறட்டை தெருமுனை வரை கேட்கும், அதற்கும் ஒரு சிரிப்பு. ஒருநாள் காலையில் பிலோமி காபி கொண்டுபோனபோது அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "புண்ணியவதி, தூக்கத்துலயே போய்ட்டா. நல்ல சாவு." நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நல்ல சாவாம். அவள் மூச்சுக்குத் திணறியதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு நல்ல சாவு வேண்டாம். போன சனிக்கிழமை நான் மறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்துதான் போடாமல் இருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஊசி போட்டேன். வலப்பக்கம். தண்ணீர் பாட்டிலைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மெஷினையும் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பஞ்சு இல்லாமல் செட்டுக்குப் போனேன். ஹசீனா என் பிளவுஸை உடம்புக்குச் சரியாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தாமோதரன் அண்ணன் ஈஸ்டருக்கென்று பிரியாணியை மூடி வைத்திருந்தார். "அண்ணே, நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தேன். "தெரியும்மா, ரெண்டு வாய் சாப்பிடு, போதும்" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டேன். நல்ல பிரியாணி.

பிறகு குணசீலன் சாரிடம் போனேன். "ஊசிய நிறுத்த மாட்டேன் சார். பஞ்சும் கட்ட மாட்டேன்."

"அப்போ கேரக்டர்?"

"கேரக்டர் உங்களது. ஒடம்பு என்னோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் கோபப்படவில்லை. பேப்பரைப் புரட்டினார். நான் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வதென்று எல்லாம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் லட்டு அத்தை பந்தயம் கட்டி லட்டு தின்கிறாள். அன்றைக்குப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "வலியில்லாம, தூக்கத்துலயே போற மாதிரி வச்சிருக்கோம்மா. கௌரவமான சாவு" என்றார்.

"லாரி ஏத்துங்க சார். பாம்பு கடிக்க விடுங்க. தின்னுட்டுத் தூக்கத்துல சாவுறது மட்டும் வேணாம்."

"சேனல்ல ஓகே ஆயிடுச்சும்மா. நாளன்னைக்கு எடுத்திடுவோம். ஒப்பந்தப்படி நீங்க வந்துதான் ஆகணும்."

லட்டு சீனை இன்றே எடுத்துவிட்டார்கள். பக்கெட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

வேலை என்று வந்தால் நான் முரண்டு பிடிக்கிற ஆள் இல்லை. சொன்ன நேரத்துக்குப் போனேன். வெள்ளைப் பவுடர் போட்டார்கள், மூக்கில் பஞ்சு வைத்தார்கள், கழுத்தில் மாலை. மாமியாரும் மருமகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழத் தயாரானார்கள். ஹசீனா வாசலில் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் டேக்கில் மூச்சைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். கண் மூடியிருந்தது, காதில் ஒப்பாரி. "தூக்கத்துலயே போய்ட்டியே அத்தை" என்று பிராம்ப்டர் எடுத்துக்கொடுக்க, மருமகள் அதைத் திருப்பிச் சொல்லி அழுதாள். அந்த இடத்தில் என் வயிறு தானாகவே மேலே எழும்பியது.

"கட். மூச்சு தெரியுது எமல்டாம்மா. ஒன் மோர்."

அடுத்த டேக்கிலும் அந்த இடம் வந்ததும் எழும்பியது. வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மேலே பூ கொட்டிப் பார்த்தார்கள், பூ ஏறி இறங்கியது. கேமராவைத் தள்ளி வைத்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுத்தேன். லைட்மேன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் சிரித்து எனக்கும் சிரிப்பு வந்தது இன்றைக்குத்தான். மாமியார் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

குணசீலன் சார் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

"ஒரே ஒரு நிமிஷம்மா. மூச்சப் புடிச்சுக்கிட்டுப் படுங்க. முடிச்சிடலாம்."

மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தேன். "முடியாது சார்."

"ஏம்மா?"

"இப்பத்தான் ஒழுங்கா வர ஆரம்பிச்சிருக்கு."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. எழுந்து போய் அசோசியேட்டிடம், "அத்தை யாருகிட்டயும் சொல்லிக்காம காசிக்குக் கெளம்பிட்டாங்கன்னு மாத்தி எழுது. சேனல்ல நான் பேசிக்கிறேன்" என்றார்.

நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை. மாலையை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு, ஹசீனாவோடு கேட் வரை நடந்தேன். நடுவில் எங்கும் நின்று மூச்சு வாங்கவில்லை. லட்டு அத்தை காசிக்குப் போயிருக்கிறாள். போகட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன்.